மடிக்கணனி வாங்கப் போகும் சகோதரிகளுக்கு

எமது கிராமங்களில் மடிக்கணனி இன்று ஓர் ஆடம்பரப் பொருளல்ல. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளருக்குக் கணக்கறிக்கை தயாரிக்க அது தேவைப்படுகின்றது. முன்பள்ளி ஆசிரியைக்குப் படங்களும் பாட்டுக்களும் சேர்த்து வைக்கத் தேவைப்படுகின்றது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மகளுக்கு அது பாடப் புத்தகத்தைப் போலவே அவசியமாகிவிட்டது. காணாமல் ஆக்கப்பட்ட கணவரையோ பிள்ளையையோ தேடி வருடக்கணக்காக அலுவலகங்களில் ஏறி இறங்கும் தாய்மாருக்கு, கொடுத்த கடிதங்களையும் கிடைத்த பதில்களையும் ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பெட்டகமாகவும் அது உதவுகின்றது.

வன்னியில் சமூகப் பணியாளராகப் பத்து வருடங்களுக்கு மேலாகக் கடமையாற்றி வருகின்றேன். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடுதான் எனது வேலை அதிகம். தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி என்று பலவற்றை வாங்குவதற்குச் சகோதரிகளோடு துணைக்குப் போயிருக்கின்றேன். அண்மைக் காலத்தில் மடிக்கணனிக் கடைகளுக்குத்தான் கூடுதலாகப் போகின்றேன். அந்தக் கடைகளில் கண்டவற்றையும், வாங்கிய பின்னர் வீடுகளில் கண்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கடைகளில் நடக்கும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. காசு கொடுக்கப் போகும் பெண் கதிரையில் இருப்பார். விற்பனையாளர் அவரோடு கூட வந்த தம்பியோடோ மருமகனோடோ கதைப்பார். புரொசெசர் என்ன, றாம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு தடவை என்னோடு வந்த அக்கா எனது கையைத் தட்டி, "பிள்ளை, உந்தத் தம்பி சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கறன்ற் இல்லாட்டி எவ்வளவு நேரம் ஓடும் எண்டு மட்டும் கேள்" என்றார். அந்தக் கடையில் அன்று கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான். ஆனால் விற்பனையாளரிடம் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை.

நான் சமூகவியல் படித்தவள். எந்தப் பொருளைச் செய்பவரும் மனதிலே ஒரு பாவனையாளரைக் கற்பனை பண்ணிக்கொண்டுதான் அதைச் செய்கின்றார் என்பது அந்தப் படிப்பில் நான் கற்றுக்கொண்ட பயனுள்ள பாடம். மடிக்கணனியைச் செய்பவர் கற்பனை பண்ணும் மனிதருக்கு மேசையும் கதிரையும் உண்டு. தடைப்படாத மின்சாரம் உண்டு. குளிரூட்டிய அறை உண்டு. இரண்டு கைகளும் நல்ல பார்வையும் உண்டு. பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க அடுத்த தெருவிலே திருத்துமிடம் உண்டு. எங்கள் வீடுகள் அப்படியில்லை. அவர் கற்பனை பண்ணிய வாழ்க்கைக்கும் எங்கள் வாழ்க்கைக்கும் எங்கெங்கே வித்தியாசம் இருக்கின்றதோ, அங்கேதான் நாங்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய அம்சங்கள் இருக்கின்றன. விளம்பரத் துண்டுப்பிரசுரத்தில் அவை பெரிய எழுத்தில் வருவதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காசு. 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. இறக்குமதிப் பொருட்கள் எல்லாவற்றோடும் மடிக்கணனியின் விலையும் ஏறியது. எங்கள் சகோதரிகளில் அநேகர் சீட்டுக் காசிலோ, நகையை அடகு வைத்தோ, தவணைக் கடனிலோதான் இதை வாங்குகின்றார்கள். இயந்திரம் ஆறு மாதத்தில் மூலையில் கிடந்தாலும் தவணை நிற்காது. நுண்கடன் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. ஆகவே கடையில் அரை மணித்தியாலம் கூடுதலாக நிற்பதால் நாங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

பின்னர் மாற்ற முடியாதவை

முதலில் ஒரு பொது விதியைச் சொல்லிவிடுகின்றேன். பின்னர் மாற்றக்கூடியவற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பின்னர் மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள்.

றாம் என்பது கணனி ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளைக் கையில் வைத்திருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது. முன்னைய மடிக்கணனிகளில் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றிப் புதிய றாமைப் பொருத்தலாம். இப்போது வரும் மெல்லிய மடிக்கணனிகள் பலவற்றில் அது பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டே வருகின்றது. அப்படியானதை 4 ஜீ.பீ. உடன் வாங்கினால் கடைசிவரை 4 ஜீ.பீ.தான். வின்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜீ.பீ. என்பதால் அது எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். 8 ஜீ.பீ. இருக்க வேண்டும், அல்லது கூட்டுவதற்கு இடம் இருக்க வேண்டும்.

ஆவணங்கள் சேமிக்கப்படும் பகுதியும் அப்படித்தான். மலிவான சிலவற்றில் ஈ.எம்.எம்.சீ. என்ற சேமிப்பகம் 64 ஜீ.பீ. அளவில் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். வின்டோஸும் அதன் புதுப்பிப்புக்களுமே அதில் பெரும் பகுதியை நிரப்பிவிடும். எஸ்.எஸ்.டி. என்பது வேகமானது. அது கழற்றக்கூடியதாக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. மடிக்கணனியின் பலகை எரிந்துபோனாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறொன்றில் போட்டு உள்ளே இருப்பவற்றை மீட்க முயற்சிக்கலாம். ஒட்டப்பட்டதாக இருந்தால் பலகையோடு சேர்ந்து எல்லாமே போய்விடக்கூடும். "இதைக் கழற்றி மாற்றலாமா?" என்ற கேள்வியை றாம், சேமிப்பகம், பற்றரி மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மின்சாரம் இல்லாத நேரத்தில்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதுமே மின்சாரம் இல்லாமல் போனது. மழைக்கும் காற்றுக்கும் மின்தடை ஏற்படும் கிராமங்களில் பற்றரியே மடிக்கணனியின் உயிர்.

"எட்டு மணித்தியாலம் நிற்கும்" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பற்றரியின் அளவு வோட் மணித்தியாலக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். கணக்கு எளிதானது. எழுத்து வேலைக்கு ஒரு மடிக்கணனி 8 வோட் எடுக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வோட் மணித்தியாலப் பற்றரி 5 மணித்தியாலம் நிற்கும். வீடியோவில் வகுப்பு நடந்தால் அதைவிடக் குறையும். பற்றரி எந்நாளும் புதிதாகவும் இருக்காது. நாட்கள் போகப் போக அதன் கொள்ளளவு தேய்ந்துகொண்டே வரும். எப்போதும் சார்ஜரிலே வைத்துப் பாவிப்பவர்கள், 80 வீதத்தோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி இருக்கின்றதா என்று கேட்க வேண்டும். பல மடிக்கணனிகளில் அது உண்டு. அதைப் போட்டு வைத்தால் பற்றரியின் ஆயுள் கூடும்.

அடுத்தது சார்ஜர். யூ.எஸ்.பி. சி என்ற சிறிய நீள்வட்டத் துவாரத்தால் சார்ஜ் ஏற்றக்கூடிய மடிக்கணனி எமக்குப் பெரிய உதவி. சார்ஜர் பழுதானால் அந்தக் கம்பனியின் சார்ஜரையே தேடி அலைய வேண்டியதில்லை. போதிய வலுவுள்ள பவர் பாங்க் ஒன்றாலும் ஏற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைத்தொலைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணனிகளுக்கும் இந்தத் துவாரத்தையே பொதுவாக்கிச் சட்டம் வகுத்தது. ஆனால் துவாரம் இருப்பதால் மட்டும் சார்ஜ் ஏறும் என்றில்லை. சிலவற்றில் அது தகவல் கடத்துவதற்கு மாத்திரமே. கடையிலேயே செருகிப் பார்ப்பதுதான் சரி.

இன்னொன்று. இரும்பு அல்லது அலுமினிய உடலுள்ள மடிக்கணனியைச் சார்ஜரில் வைத்துத் தொடும்போது கையில் கூசுவதாகச் சில அக்காமார் என்னிடம் சொல்லியிருக்கின்றார்கள். வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடுப்பு, அதாவது 'ஏர்த்' சரியாக இல்லாவிட்டால் இப்படி நேரலாம். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக மாற்றிச் செருகினாலும் நேரலாம். கணனியைக் குறை சொல்வதற்கு முன்னர் வீட்டு வயரிங்கைத் தகுந்த மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

எங்கள் வீடும் வெயிலும்

தகரக் கூரை வீடொன்றின் மத்தியான வெக்கை எப்படியானது என்பதை நாங்கள் அறிவோம். பெரும்பாலான மடிக்கணனிகள் அடிப்பக்கத் துவாரங்களால் காற்றை இழுத்துத்தான் தம்மைக் குளிர்விக்கின்றன. பாயிலோ மெத்தையிலோ வைத்தால் அந்தத் துவாரங்கள் அடைபட்டுவிடும். மேசை இல்லாத வீட்டில் ஒரு பலகைத் துண்டாவது கீழே இருக்க வேண்டும். கிறவல் வீதியோரத்து வீடுகளில் புழுதி உள்ளே படிந்து விசிறி இறுகுவதும், எறும்பு குடியேறுவதும் சாதாரணம். அடி மூடியைச் சாதாரணத் திருகாணிகளால் கழற்றித் துப்புரவாக்க முடியுமா என்பது இதனால்தான் முக்கியமாகின்றது.

பகலில் விறாந்தையில் இருந்து வேலை செய்பவர்கள் திரையைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான திரையில் முகமும் முற்றமும்தான் தெரியும். மங்கல் பூச்சுள்ள திரை நல்லது. திரையின் வெளிச்சம் 'நிற்ஸ்' என்ற அளவில் சொல்லப்படும். மலிவானவற்றில் 220, 250 என்று இருக்கும். 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் பகல் வெளிச்சத்தில் கண் நோகாது. கடையில் வைத்து, வாசல் வரை கொண்டுவந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. சேலையைக்கூட வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துத்தானே வாங்குகின்றோம்.

இரவில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு தேவை. ஒரே அறையில் பிள்ளைகள் தூங்க, பக்கத்தில் இருந்து தரவு பதியும் தாயொருவரை எனக்குத் தெரியும். அவருக்கு மிகவும் பிடித்த அம்சம் விசைகளின் கீழே எரியும் சிறு வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்யலாம். விசிறி இரையாமல் இருப்பதும் விசைகள் சத்தமிடாமல் இருப்பதும் அப்படியான வீட்டிலே பெரிய விடயங்கள்.

கையும் கண்ணும் காதும்

போர் எங்கள் உடல்களிலும் எழுதிவிட்டுப் போயிருக்கின்றது. ஆனால் மடிக்கணனி வாங்கும்போது "உங்கள் கை எப்படி, கண் எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை.

ஷெல் வீச்சில் இடக்கையை இழந்த ஓர் அக்காவோடு கடைக்குப் போனேன். ஒரு கையால் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். முதல் மூன்றில் மூடியோடு சேர்ந்து அடிப்பாகமும் எழும்பியது. நான்காவது இலேசாகத் திறந்தது. அவர் அதையே எடுத்தார். ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அழுத்த வேண்டிய இடங்களில் ஒரு கை உள்ளவருக்குச் சிரமம். வின்டோஸில் ஷிப்ற் விசையை ஐந்து தரம் தொடர்ந்து அழுத்தினால், விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி வேலை செய்யும் வசதி வேண்டுமா என்று அதுவே கேட்கும். இது ஒவ்வொரு வின்டோஸ் கணனியிலும் இருக்கின்றது; காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தோளிலோ முதுகிலோ இன்னும் சன்னத் துண்டுகளோடு வாழும் சகோதரிகளுக்குப் பாரம் முக்கியம். 14 அங்குலத் திரை உள்ளவை ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கும். 15.6 அங்குலமானவை இரண்டு கிலோவை நெருங்கும். சார்ஜரின் பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அந்த அரைக் கிலோ என்ன செய்யும் என்பது தோளுக்குத்தான் தெரியும். மறுபக்கத்தில், பெரிய மடிக்கணனிகள் பலவற்றில் வலப்பக்கம் இலக்க விசைகள் தனியாக இருக்கும். கணக்கு எழுதுபவருக்கு அது வசதி. எது உங்களுக்கு அவசியம் என்பதை உங்கள் வேலையே சொல்லும்.

பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காது மந்தமானவர்கள் ஹெட்போன் துவாரம் இருக்கின்றதா என்றும், ஒலி தெளிவாக இருக்கின்றதா என்றும் பாருங்கள். 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிறிய ஒலிபெருக்கியில் ஆசிரியரின் குரல் விளங்காமல் எத்தனை பிள்ளைகள் பாடத்தை விட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மைக் நன்றாக இருந்தால் இன்னொரு பயனும் உண்டு. கூகிளின் குரல்வழித் தட்டச்சு தமிழையும் விளங்கிக்கொள்கின்றது. தட்டச்சுப் பழகாத ஓர் அம்மா வாயால் சொல்லித் தனது கடிதத்தை எழுதிவிடலாம்.

தமிழ் எழுதுவது பற்றியும் கடையில் கேட்பார் இல்லை. சங்க வேலைகளிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் எங்களிடையே பலர் இருக்கின்றார்கள். இன்றைய அலுவலக வேலைகளுக்கு யூனிகோட் எழுத்து வேண்டும். எந்த விசையமைப்பில் உங்கள் விரல் பழகியதோ அதை யூனிகோடிலும் பாவிக்க மென்பொருட்கள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுத் தரும்படி கேட்டு, "அ" முதல் "ஸ்ரீ" வரை தட்டிப் பார்த்த பின்னரே கடையை விட்டு வெளிக்கிடுங்கள்.

துவாரங்களையும் எண்ணிப் பாருங்கள். பழைய பென்ட்ரைவும் பிறின்ரரும் செருகுவதற்கு அகலமான யூ.எஸ்.பி. துவாரம் வேண்டும். பயிற்சிப் பட்டறையில் புரொஜெக்டருடன் இணைக்க எச்.டி.எம்.ஐ. வேண்டும். மெல்லிய மடிக்கணனிகள் சிலவற்றில் இவை இல்லாததால் தனியாக ஓர் இணைப்பியை வாங்க நேரிடும். அந்தக் காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வருபவையும் பாவித்தவையும்

பிரான்சிலோ சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் சகோதரன் அன்போடு அனுப்பும் மடிக்கணனி எங்கள் வீடுகளுக்கு வருகின்றது. வாங்குவதற்கு முன்னர் அவரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, விசைப்பலகை. பிரெஞ்சு விசைப்பலகையில் ஆங்கில எழுத்துக்கள் வேறு ஒழுங்கில் இருக்கும். இலக்கம் அடிப்பதற்கே ஷிப்ற் விசையைப் பிடிக்க வேண்டும். ஜேர்மன் விசைப்பலகையில் இசற்றும் வையும் இடம் மாறியிருக்கும். கணனிக்குள் அமைப்பை மாற்றலாம். ஆனால் விசையில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் வருவது இன்னொன்றாக இருக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது பெரும் குழப்பம். இரண்டாவது, உத்தரவாதம். அங்கே வாங்கியதற்கான உத்தரவாதம் இலங்கையில் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாவித்த மடிக்கணனி வாங்குவது தவறல்ல. கம்பனிகள் பாவித்துவிட்டு விற்கும் உறுதியான மடிக்கணனி, மலிவான புதியதைவிட நீடித்து உழைக்கலாம். ஆனால் ஒரு விடயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வின்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. வின்டோஸ் 11 முறைப்படி இயங்குவதற்கு, இன்ரெல் புரொசெசராயின் பொதுவாக எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். "ஐ-5" என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 7200 என்று இருந்தால் ஏழாவது தலைமுறை. 8250 என்று இருந்தால் எட்டாவது. இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. பழையதுதான் கைக்கு எட்டும் என்றால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பாவிக்கலாம்.

பற்றரி எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை வின்டோஸே காட்டும். "பற்றரி ரிப்போட் எடுத்துக் காட்டுங்கோ தம்பி" என்று சொல்லுங்கள். செய்யும்போது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் இருக்கும். இரண்டாவது முதலாவதின் பாதியாக இருந்தால் புதிய பற்றரியின் விலையை விலையில் இருந்து கழித்துப் பேசுங்கள்.

ஆவணங்களும் திறப்பும்

2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது எங்கள் அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும்தான். 2009 இல் பொலித்தீனில் சுற்றிய ஆவணப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நந்திக்கடல் நீரேரியைக் கடந்து வந்த தாய்மார் இப்பத்திரிகையின் வாசகிகளாகவே இருப்பீர்கள். காணி உறுதி, மரணச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்கள் இவற்றின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். இன்று அவற்றின் பிரதிகள் மடிக்கணனிக்குள்ளும் இருக்கின்றன. ஆகவே மடிக்கணனி எங்களுடைய இரண்டாவது ஆவணப் பை.

அந்தப் பைக்குத் திறப்பு யாரிடம் இருக்கின்றது? அநேகர் கவனிக்காமல் விடும் விடயம் இதுதான். புதிய வின்டோஸ் மடிக்கணனியை முதன்முதலில் திறக்கும்போது ஒரு மின்னஞ்சல் கணக்குக் கேட்கும். கடையில் உள்ளவர் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தனது கணக்கையோ தற்காலிகமாக உருவாக்கிய கணக்கையோ போட்டுத் திறந்து தருவதை நான் பல தடவை கண்டிருக்கின்றேன். பல மடிக்கணனிகளில் உள்ளே இருப்பவை தாமாகவே பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டின் மீட்புத் திறப்பு 48 இலக்கங்களைக் கொண்டது. அது எந்தக் கணக்கால் திறக்கப்பட்டதோ அந்தக் கணக்கிலே சேமிக்கப்படும். ஒரு நாள் கணனி பழுதாகித் திறப்பைக் கேட்டால், அது முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலே இருக்கும். அவருடைய தொலைபேசி இலக்கமும் மாறியிருக்கும். ஆகவே உங்கள் பெயரிலே ஒரு மின்னஞ்சல் கணக்கை முதலில் திறவுங்கள். அதன் கடவுச்சொல்லை நீங்களே போடுங்கள். மீட்புத் திறப்பின் 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, உண்மையான ஆவணப் பையிலே வையுங்கள். முக்கியமான பிரதிகளை ஒரு பென்ட்ரைவில் எடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவரின் வீட்டிலும் வைப்பது நல்லது.

கமெராவை மூடும் சிறிய தகடு இருக்கின்றதா என்றும் பாருங்கள். விரல் நுனியால் தள்ளி மூடும் அந்தத் தகடு, பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு கதவுக்குச் சமம். திருத்தக் கொடுக்கும்போது சொந்தப் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். விற்கும்போது முழுவதையும் அழித்துவிட்டு விற்க வேண்டும்.

கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்

உத்தரவாதம் இரண்டு வருடம் என்று சொல்லுவார்கள். பற்றரிக்கும் இரண்டு வருடமா, ஒரு வருடமா? திரை உடைந்தால், தண்ணீர் பட்டால், மின்னல் தாக்கினால் என்ன? பழுதானால் திருத்துவது வவுனியாவிலா, யாழ்ப்பாணத்திலா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? இவற்றுக்கான பதிலைப் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குங்கள். மடிக்கணனியின் தொடர் இலக்கமும் அதில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கடை வாசலோடு போய்விடும். நியாயமில்லாமல் நடத்தப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது பற்றுச்சீட்டுத்தான்.

கடைக்குப் போவதற்கு முதல்நாள் இரவு ஒரு கடதாசியை எடுத்து எழுதுங்கள். எனது வேலை என்ன? எங்கே இருந்து வேலை செய்வேன்? ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் மின்சாரம் இருக்காது? எனது உடலுக்கு எது சிரமம்? யார் யார் இதைத் தொடுவார்கள்? இதற்குள் எதை வைக்கப் போகின்றேன்? இந்த ஆறுக்கும் பதில் எழுதிவிட்டால், கடையில் இருக்கும் இருபது மடிக்கணனிகளில் பதினைந்து தாமாகவே விலகிவிடும். மிச்சம் ஐந்துக்குள் விலையைப் பாருங்கள்.

எங்கள் சகோதரிகளிடம் இந்த நாட்டில் எத்தனையோ பேர் கேள்வி கேட்டிருக்கின்றார்கள். சோதனைச் சாவடியில் கேட்டார்கள், முகாமில் கேட்டார்கள், ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் கேட்கின்றார்கள். பதில் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். காசைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போகும்போது கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கூட வரும் தம்பி பக்கத்தில் நிற்கட்டும். கேள்வியை நீங்கள் கேளுங்கள். விளங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமையில்லாத கடையாக இருந்தால், கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.